பீடத்துச் சின்னமும் பொட்டலத்துச் சின்னமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வணிகத்துக்கு இலச்சினை தேர்ந்தெடுப்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இலக்கணம் நடத்தியவனுக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று முதலில் தயங்கினேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். குறி, பொறி, முத்திரை, சின்னம், அடையாளம், இலச்சினை என்று எத்தனை சொற்கள்! ஒன்றுக்கு இத்தனை பெயர் வழங்குகிறதென்றால் அதனோடு தமிழர் நெடுங்காலம் புழங்கியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? இன்றைய பிள்ளைகள் ‘லோகோ’ என்கிறார்கள். சொல் புதிது, பொருள் பழையது. ஆகவே துணிந்து வந்துவிட்டேன்.

நம் முன்னோர் பெரும்பாலும் உழவர்கள். அடுத்த தலைமுறையில் பலர் ஆசிரியர்கள். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, செய்யாறு வட்டாரங்களில் நெல்லும் எள்ளும் மணிலாவும் விளைவித்தவர்களுக்கு இலச்சினை தேவைப்படவில்லை. வாங்குபவர்க்கு விற்பவரின் முகம் தெரியும்; முகம் தெரியாவிட்டாலும் ஊர் தெரியும்; ஊர் தெரியாவிட்டால் இன்னார் பேரன் என்றால் போதும். இன்று அதே எள், எண்ணெயாகிப் பொட்டலத்தில் அடைபட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. அங்கே அடுக்குமாடியில் அதைப் பிரிக்கும் அம்மையார்க்கு நம் முகமும் தெரியாது, தாத்தாவும் தெரியாது. முகம் செய்துவந்த வேலையை இனி ஒரு படம் செய்ய வேண்டும். இதுதான் இலச்சினையின் தேவை. இதற்கு மேல் அதற்கு வேறு தத்துவம் இல்லை என்பது என் கருத்து.

ஒரு படம் இந்த வேலையை எப்படிச் செய்யும் என்று அறிய நாம் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. நம் ஆலயத்துக்குள் சென்று சற்றே குனிந்து பார்த்தால் போதும்.

இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாக வைத்திருக்கும் பீடத்தின் முன் நின்றிருப்பீர்கள். அமர்ந்த கோலமாயின் எல்லாரும் ஒரே வகையில் அமர்ந்திருப்பார்கள். நின்ற கோலமாயின் எல்லாரும் ஒரே வகையில் கைகளைத் தொங்கவிட்டு நின்றிருப்பார்கள். முகங்களில் ஒரே அமைதி. ஆயுதம் இல்லை, வாகனம் இல்லை, அணிகலன் இல்லை. பார்சுவநாதரைத் தலைக்கு மேலுள்ள நாகப்படத்தால் அறியலாம். ரிஷபநாதரைச் சில படிமங்களில் தோளில் விழும் சடையால் அறியலாம். மற்றவர்களை எப்படி அறிவது? பீடத்தின் நடுவில், விரலளவே உள்ள ஓர் உருவத்தால் அறிகிறோம். காளை என்றால் ரிஷபநாதர், யானை என்றால் அஜிதநாதர், பிறை என்றால் சந்திரப்பிரபர், மான் என்றால் சாந்திநாதர், ஆமை என்றால் முனிசுவிரதர், சங்கு என்றால் நேமிநாதர், சிங்கம் என்றால் இன்றைய விழா நாயகராகிய வர்த்தமானர்.

இந்த லாஞ்சனங்கள் தொடக்க காலத்திலேயே இருந்தவையல்ல. வடமதுரையில் கிடைத்த குஷாணர் காலத்துச் சமணப் படிமங்களில் இவை இல்லை. பின்னர் குப்தர் காலத்தில்தான் இவை தோன்றத் தொடங்குகின்றன. இராஜகிருகத்தில் சங்கு பொறித்த நேமிநாதர் படிமம் மிகப் பழையனவற்றுள் ஒன்று. பல படிமங்கள் பெருகி, ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய வேண்டிய நிலை வந்தபோது, சிற்பிகள் இந்த வழியைக் கைக்கொண்டார்கள். அதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆமை, முனிசுவிரதரின் வாழ்க்கையை விவரிப்பதில்லை. அவருடைய பெருமைகளைப் பட்டியலிடுவதும் இல்லை. ‘இவர் இன்னார்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. சின்னத்தின் கடமை அறிமுகம் செய்வது, விளக்கவுரை எழுதுவதன்று. இளைஞர்கள் என்னிடம் காட்டும் இலச்சினைகளில் பெரும்பாலானவை விளக்கவுரைகளாகவே இருக்கின்றன. ஓர் இலை, ஒரு துளி, உதிக்கும் கதிரவன், உலக உருண்டை, கைகுலுக்கும் இரு கரங்கள் என்று எல்லாம் ஒரே வட்டத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. “இலை இயற்கையைக் குறிக்கிறது ஐயா, கைகள் நம்பிக்கையைக் குறிக்கின்றன ஐயா” என்று பொழிப்புரை வேறு. கடைக்கு வருபவர்க்கு நீங்கள் பக்கத்தில் நின்று பொழிப்புரை சொல்ல முடியுமா?

இனி நம் பழைய வணிகர்களிடம் வருவோம். காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளில் சோழனின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது அரசின் முத்திரை. அதே நகரின் பண்டசாலையில் வணிகர் தத்தம் பெயரையும் பொதியின் அளவையும் எழுத்தால் பொறித்து வைத்திருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இது வணிகரின் குறி. அரசுமுத்திரை வேறு, வணிகக்குறி வேறு என்னும் பாகுபாட்டை இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் காணலாம். பிற்காலத்தில் நடுநாட்டிலும் தொண்டைநாட்டிலும் செல்வாக்கோடு விளங்கிய சித்திரமேழிப் பெரியநாட்டார் என்னும் உழவர் பேரவை, தன் கல்வெட்டுகளில் ஏரைச் செதுக்கி வைத்தது. மேழி என்பது ஏர்தானே? அவர்கள் தம் கையில் அன்றாடம் புழங்கிய கருவியையே சின்னமாக எடுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மான்செஸ்டர் ஆலைத்துணிகள் இங்கே வந்து குவிந்தபோது, அந்த வணிகர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. வாங்குவோர்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆலையின் பெயரைப் படிக்க முடியாது. அவர்கள் துணிமடிப்பின் மேல் வண்ணப்படம் ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். அதற்கு ‘டிக்கெட்’ என்று பெயர். புலி, யானை, தெய்வ உருவங்கள் என்று நம் நாட்டார்க்குப் பழகிய படங்களாகவே தேர்ந்தார்கள். நம்மவர்களும் ஆலையின் பெயரை விட்டுவிட்டுப் படத்தின் பெயரையே பொருளின் பெயராக்கிக்கொண்டார்கள். இசைத்தட்டில் ஒலிபெருக்கிக் குழாயின் முன் நாய் அமர்ந்திருந்ததால் ‘நாய் மார்க்’ என்றார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சேமியாவுக்கும் குடைக்கும் அப்படியே பெயர் அமைந்தது. தயாரித்தவரின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. ‘மார்க்’ மட்டும் நினைவில் இருக்கிறது.

ஆகவே இலச்சினையைச் சோதிக்க நான் சொல்லும் முதல் வழி இதுதான். மளிகைக்கடையில் நிற்கும் ஒருவர் உங்கள் பொருளை வாயால் எப்படிக் கேட்பார்? “அந்த … படம் போட்டது கொடுங்கள்” என்னும் தொடரில் உள்ள இடைவெளியை ஒரே சொல்லால் நிரப்ப முடிகிறதா? முடிந்தால் உங்களுக்கு இலச்சினை அமைந்துவிட்டது. முடியாவிட்டால் எவ்வளவு செலவழித்து வரைந்திருந்தாலும் அது வெறும் அலங்காரம். நம் சிற்றூர்ச் சுவர்களில் குடும்பநலத் துறையினர் தீட்டிய தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் எழுத்தறியாதவர்க்கும் விளங்கியது. இன்னொரு முக்கோணமும் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் வணிகக்குறிப் பதிவு தொடங்கிய 1876 சனவரி 1ஆம் நாள் முதலாவதாகப் பதிவான குறி ஒரு சிவப்பு முக்கோணம். பதிவு செய்தது மது வடிக்கும் ஆலை. நமக்கு ஆகாத பண்டம். ஆயினும் அவர்கள் தேர்ந்த வடிவத்தின் எளிமையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பொறியியல் படித்து, வெளியூரில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஊரில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கியிருந்தார். கைபேசியில் நான்கு இலச்சினைகளைக் காட்டி, “எதை வைக்கட்டும் ஐயா?” என்று கேட்டார். முதலாவதில் முக்குடையின் கீழ் தீர்த்தங்கரர். இரண்டாவதில் நம் சமயப் பொதுச்சின்னம். மூன்றாவதில் செக்கிழுக்கும் காளை. நான்காவது, கைபேசியிலுள்ள ஏதோ ஒரு செயலி வரைந்து தந்த இலையும் துளியும். அன்று நாங்கள் இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சையே இங்கு விரித்துரைக்கிறேன்.

முதலாவது படத்தை அவர் பக்தியோடுதான் வைத்திருந்தார், அதில் ஐயமில்லை. “பகவான் திருவுருவம் இருந்தால் தொழில் விளங்கும் என்று பாட்டி சொல்கிறார்” என்றார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். “எண்ணெய் தீர்ந்ததும் அந்தப் பை எங்கே போகும்?” அவர் மறுமொழி கூறவில்லை.

நம் வீடுகளில் திருமண அழைப்பிதழ்களும் பழைய நாள்காட்டிகளும் ஏன் பரண்களில் குவிந்து கிடக்கின்றன? மேலே திருவுருவம் அச்சாகியிருப்பதால் எறிய மனம் வரவில்லை, வைத்திருக்கவும் இடமில்லை. அன்பர் வீட்டுக்கு அழைப்பிதழாகப் போவதற்கே இந்தச் சங்கடம் என்றால், எண்ணெய்ப்பிசுக்கோடு குப்பைத்தொட்டிக்குப் போகும் பொட்டலத்தின் நிலை என்ன? தெருவில் மிதிபடும்; மழைநீரோடு சாக்கடைக்குப் போகும். அந்த அவிநயத்தை வாங்கியவர் செய்தார் என்று சொல்லித் தப்பிக்க இயலாது. அச்சிட்டவர் நாம். அன்றியும், பெருமான் எல்லாவற்றையும் துறந்து நின்றவர். ஆடையையும் துறந்த அவரை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. கடையின் உள்ளே சுவரில் திருவுருவம் இருக்கட்டும், காலையில் வணங்கிவிட்டுக் கல்லாவைத் திறக்கட்டும். அது வழிபாடு. பொட்டலத்தின் மேல் ஏறினால் அது விளம்பரமாகிவிடுகிறது. ஏனைய சமயத்தவர் அவ்வாறு செய்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். அது அவரவர் மரபு. அதில் நான் கருத்துச் சொல்லமாட்டேன்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. எந்த ஒரு பிரிவினரின் சமய உணர்வையும் புண்படுத்தக்கூடிய குறியைப் பதிவு செய்யலாகாது என்கிறது 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. ‘இராமாயணம்’ என்னும் பெயரை ஊதுவத்திக்குத் தனியுரிமையாகக் கோரிய வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. புனித நூலின் பெயரைத் தம் சரக்குக்கு மட்டும் உரிய குறியாக எவரும் கோர முடியாது என்று 2015ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லார்க்கும் உரியதை ஒருவர் வேலியிட்டுக்கொள்ள இயலாது. அசோகச் சக்கரம், நான்முகச் சிங்கம் போன்ற நாட்டுச் சின்னங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் தடுத்துவிட்டது.

இரண்டாவது படத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். மகாவீரர் நிர்வாணம் எய்திய 2500ஆம் ஆண்டு விழாவையொட்டி, 1974-75ஆம் ஆண்டுகளில், சமணத்தின் எல்லாப் பிரிவினரும் ஏற்ற சின்னம் அது. மூவுலகின் புறவடிவம், சுவஸ்திகம், மும்மணிகளைக் குறிக்கும் மூன்று புள்ளிகள், சித்தசிலையைக் காட்டும் பிறை, அகிம்சைச் சக்கரம் ஏந்திய அபயக்கை எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு சமயம் தன் கொள்கையைச் சொல்ல அத்தனையும் வேண்டும். ஆலய வாயிலுக்கும் விழா மலருக்கும் அது மிகப் பொருத்தம். ஒரு கடைக்கோ அது ஆகாது. நீங்களும் அதை வைப்பீர்கள், அடுத்த தெருவில் நம்மவர் நடத்தும் நகைக்கடையும் வைக்கும், வடநாட்டு இனிப்புக்கடையும் வைக்கும். ‘இவர் சமணர்’ என்று அது சொல்லும். ‘இவர் இன்னார்’ என்று சொல்லாது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சின்னத்தோடு விற்ற எண்ணெயில் என்றேனும் குறை நேர்ந்தால், பழி உங்கள் செக்கோடு நிற்குமா? சமூகம் முழுவதற்கும் உரியதை ஒருவருடைய வரவுசெலவில் பணயம் வைக்கலாமா?

மூன்றாவது படமாகிய காளையைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். அவருக்கு மிகவும் பிடித்த படமும் அதுவே. “காளை ரிஷபநாதரின் லாஞ்சனம் ஆயிற்றே, அதுவும் கூடாதா ஐயா?” என்று கேட்டார். கூடாது என்று நான் சொல்லவில்லை. யானையும் குதிரையும் தாமரையும் மானும் லாஞ்சனங்களே. அவற்றையெல்லாம் விலக்கினால் வணிகர்க்குப் படமே மிஞ்சாது. காளை வயலிலும் நிற்கிறது, பீடத்திலும் இருக்கிறது; பீடத்தோடு சேர்த்து வரைந்தால்தான் அது லாஞ்சனம். என் தடை வேறு. “உன் செக்கை எது சுற்றுகிறது?” என்றேன். “மின்மோட்டார்” என்றார். மாடு இழுக்காத செக்குக்கு மாட்டுப்படம் எதற்கு? வாங்குபவர் மாடு இழுத்து ஆட்டிய எண்ணெய் என்றுதான் நினைப்பார். வாயால் சொல்லாவிட்டாலும் படத்தால் சொன்ன பொய் பொய்யே. வாங்குவோரை ஏமாற்றும் தன்மையுள்ள குறியைப் பதிவு செய்யலாகாது என்பதும் அதே 9ஆம் பிரிவில் உள்ளது. நமக்கோ சட்டம் வருவதற்கு முன்பே சத்தியம் அணுவிரதமாக இருக்கிறது.

மேலும், நாளெல்லாம் நுகத்தடியில் பூட்டுண்டு ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்த விலங்கின் துயரை அழகிய படமாக்கி விற்பது அகிம்சையை நெறியாகக் கொண்டவர்க்குப் பொருந்துமா என்றும் கேட்டேன். ‘பாரம்பரியம்’ என்று பொட்டலங்களில் இன்று அச்சிடப்படுவன எல்லாம் போற்றத்தக்கவையல்ல. மோட்டார் வந்து மாட்டை விடுவித்திருக்கிறது என்பதில் நாம் மகிழ வேண்டும். படத்தில் மறுபடியும் அதைப் பூட்ட வேண்டுமா?

நான்காவது படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இலையும் துளியும் எல்லா எண்ணெய்க்காரர்களிடமும் இருக்கின்றன. எண்ணெய்க்கு எண்ணெய்த்துளியைக் குறியாக வைப்பது, மனிதனுக்கு ‘மனிதன்’ என்றே பெயர் சூட்டுவதைப் போன்றது. பொருளின் இயல்பை மட்டும் சொல்லும் குறிகளுக்குப் பதிவு எளிதில் கிடைக்காது. செயலி உங்களுக்கு வரைந்து தருவதையே அடுத்தவர்க்கும் வரைந்து தரக்கூடும்.

நான்கும் போயின. மாணவர் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் சித்திரமேழியாரின் ஏரைப் பற்றிச் சொன்னேன். “உன் வீட்டில், உன் தொழிலோடு தொடர்புடையதாக, வேறொருவரும் எண்ணெய்க்குச் சின்னமாக வைத்திராத கருவி ஏதேனும் உண்டா?” என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்துப் பரணிலிருந்து எடுத்த பித்தளை உழக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டி அக்கம்பக்கத்தார்க்கு எண்ணெய் அளந்து கொடுத்த உழக்கு. நடுவில் சற்றே ஒடுங்கிய உடல், இரண்டு வளையக்கோடுகள், அகன்ற வாய். அதன் புறவடிவத்தை வரைய ஐந்து கோடுகள் போதும். கேட்பதற்கும் எளிது: “உழக்கு எண்ணெய்.” பாட்டிக்கும் மனம் குளிர்ந்தது.

அந்த உழக்கு நம்மை இன்னோரிடத்துக்கும் இட்டுச் செல்கிறது. திருடாமை என்னும் அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுவுகளைச் சொல்கிறது. கூட்டியும் குறைத்தும் அளக்கும் கள்ள அளவை அவற்றுள் ஒன்று. அதனை அடுத்து, ஐந்தாவதாகச் சொல்லப்படுவது ‘பிரதிரூபக வியவகாரம்’. ஒன்றைப் போன்ற மற்றொன்றை அதுவென்று காட்டி வாணிகம் செய்வது. போலிச்சரக்கு, கலப்படம் என்று உரைகாரர்கள் இதனை விளக்குவார்கள். புகழ்பெற்ற நிறுவனத்தின் இலச்சினையை ஓரெழுத்து மாற்றி, அதே நிறத்தில், அதே வளைவில் வைத்துக்கொள்வதையும் இதில் அடக்கலாம் என்பது என் கருத்து. கடைத்தெருவில் நின்று பாருங்கள். பெயர்பெற்ற சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும் எத்தனை இரட்டைப்பிள்ளைகள்! “சட்டம் பிடிக்காத அளவுக்கு மாற்றிவிட்டோம்” என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். வணிகக்குறிச் சட்டம் ஏமாறக்கூடிய அளவு ஒத்திருப்பதைத் தடுக்கிறது. நம் விரதமோ ஏமாற்றும் எண்ணத்தையே களவின் கணக்கில் எழுதுகிறது. வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனை எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். கடைத்தெருவில் அந்த உரிமை எனக்கு இல்லையே என்று வருந்துகிறேன்.

வடிவத்தைப் பற்றி இரண்டொரு சொல். உணவுப் பொட்டலத்தை எடுத்ததும் நாம் முதலில் தேடுவது பச்சைப் புள்ளியை அல்லவா? முன்பு சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் இருந்தன. நிறக்குருடு உடையவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பெருங்குறை அன்றோ? பின்னர் விதியைத் திருத்தி, அசைவக்குறியை முக்கோணமாக்கினார்கள். நிறத்தை மட்டும் நம்பிய குறி பாதி மக்களைக் கைவிடாவிட்டாலும் சிலரையேனும் கைவிடுகிறது. ஆகவே உங்கள் இலச்சினையை முதலில் கறுப்பு வெள்ளையில் வரையச் செய்யுங்கள். பிறகு கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ரப்பர் முத்திரையில் ஊற்றினால் மை தேங்கிக் கோடுகள் ஒட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். அந்த நிலையிலும் தெளிவாக இருந்தால், பெயர்ப்பலகையில் பெரிதாக்கும்போது அழகாகவே இருக்கும்.

கையால் எழுத வருகிறதா என்பதும் நல்ல சோதனை. நம் ரூபாய்க் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை வடிவமைத்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். போட்டிக்கு வந்த ஆயிரக்கணக்கான வடிவங்களிலிருந்து தேர்ந்து, 2010 சூலையில் நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. தேவநாகரி ‘ர’வும் உரோமானிய ‘ஆர்’ எழுத்தும் அதில் ஒன்றாயின. இவ்வளவு கருத்து இருந்தும், கணக்கெழுதும் கடைக்காரர் பேனாவை எடுத்து நொடியில் எழுதிவிடுகிறார். வழக்குக்கு வந்துவிட்டது. கையெழுத்தில் எழுத வராத குறியாக இருந்திருந்தால் அரசாணையில் மட்டுமே இருந்திருக்கும்.

பதிவு பற்றிக் கேட்பீர்கள், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு, அரிசி 30, நகை 14. உங்கள் வகுப்பில் அதைப் போன்ற குறி முன்பே இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன்பே தேடுங்கள். தனியாள்களுக்கும் சிறுதொழில்களுக்கும் இணையவழி விண்ணப்பம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. ஏற்கப்பட்ட குறியை இதழில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு பத்தாண்டு நிற்கும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவாகுமுன் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போட்டுக்கொள்வது குற்றம். பலர் அறியாமலே போடுகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. படத்தை வரைந்து தந்தவரிடம் அதன் உரிமையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். காசு கொடுத்துவிட்டால் படம் நமக்கே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். ஓவியத்தின் படைப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே பிறக்கிறது. அது கைமாற எழுத்தும் கையொப்பமும் வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். வரைபவர் மைத்துனராக இருந்தாலும் தாளில் எழுதி வாங்குங்கள். மைத்துனராக இருந்தால் கட்டாயம் எழுதி வாங்குங்கள்! கூலியையும் குறைக்காமல் கொடுங்கள். “சும்மா ஒரு படம்தானே” என்று பேரம் பேசுபவர்கள், அந்தச் சும்மா படத்தைத்தான் தம் வாழ்நாள் முழுதும் முகமாக அணியப் போகிறார்கள்.

கதிரவன் மறையுமுன் உணவு பரிமாற வேண்டும் என்று பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இலச்சினை வரைந்து வைத்திருக்கும் இளைஞர்கள் உணவுக்குப் பின் ஆலயத் தாழ்வாரத்துக்கு வரலாம். கிழக்குத் தூணருகே இருப்பேன். கைபேசியில் மட்டும் காட்டாமல், ஒரு தாளில் கறுப்பு மையால் கையால் வரைந்து கொண்டுவாருங்கள்.